வெங்காய வேர்நுனியில் மைட்டாசிஸ்: வேர் விட வைப்பதிலிருந்து குரோமோசோம் எண்ணுவது வரை

மைட்டாசிஸ் என்பது ஒரு செல் ஒரே மாதிரியான இரண்டு செல்லாகப் பிரிவது. அதன் படங்களை மனப்பாடமாக வரைகிறவர்களும் ஸ்லைடில் அதையே தேடும்போது திணறிப்போகிறார்கள். புத்தகப் படத்தில் நான்கு குரோமோசோம் இருக்கும்; வெங்காயத்தில் 16. படத்தில் எல்லா செல்லும் ஒரே பக்கம் பார்த்து ஒழுங்காக நிற்கும். ஸ்லைடில் கண்டபடி திரும்பிக் கிடக்கும். அதற்கும் முன்னால், பாதிப் பேருக்கு ஸ்லைடே சரியாக வந்திருக்காது.

அதனால் ஸ்லைடு செய்வதையும் அதைப் படிப்பதையும் ஒரே வரிசையில் சொல்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்திய படி ஒழுங்காக முடிந்திருந்தால்தான் வேலை செய்யும்.

1. முன்கூட்டியே தயாராக வேண்டியவை

வெங்காயம், வாய் குறுகிய கண்ணாடி பாட்டில், பிளேடு, மூடியுள்ள சிறு குப்பிகள், ஸ்லைடு, கவர் ஸ்லிப், வடிதாள், ஊசி, ஸ்பிரிட் விளக்கு. மைக்ரோஸ்கோப்பில் 10, 40 மடங்கு பொருளருகு லென்ஸ் இரண்டும் வேண்டும். ரசாயனங்களில் எத்தனால், கிளேசியல் அசிட்டிக் அமிலம், 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அசிட்டோகார்மைன் சாயம்.

1 நார்மல் அமிலம் 100 மில்லி வேண்டுமென்றால், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 8.3 மில்லி போதும். முதலில் தண்ணீரை எடுத்துக்கொண்டு அதில் அமிலத்தை மெதுவாக விடுங்கள், பிறகு 100 வரை நிரப்புங்கள். அமிலத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடேறித் தெறிக்கும்.

சாயத்துக்கு 45 மில்லி அசிட்டிக் அமிலம், 55 மில்லி காய்ச்சி வடித்த நீர், 1 கிராம் கார்மைன். மெல்லிய சூட்டில் கொதிக்கவைத்து, ஆறியபின் வடிகட்டுங்கள். வடிகட்டாமல் விட்டால் சிவப்புத் துகள்கள் ஸ்லைடெங்கும் பரவும். புதியவர்கள் அவற்றைக் குரோமோசோம் என்று நம்பி வரைந்துவிடுகிறார்கள்.

நாள் கணக்கும் முக்கியம். வெள்ளிக்கிழமை வகுப்பு என்றால் ஞாயிறன்றே வெங்காயத்தைத் தண்ணீரில் வைத்துவிட வேண்டும். வேர் வர மூன்று நான்கு நாள், வேரை நிலைப்படுத்த, அதாவது செல்களை இருந்தபடியே நிறுத்த, ஒரு நாள். வகுப்பன்று காலையில் தொடங்கி எதையும் பார்க்க முடியாது.

2. வேர் விட வைப்பது

சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம் இரண்டிலும் 16 குரோமோசோம்தான். எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். காய்ந்துபோன பழைய வேர்களைப் பிளேடால் சுரண்டி எடுங்கள். சுற்றியுள்ள தட்டுப் பகுதியில் வெட்டு விழக் கூடாது, புது வேர் அங்கிருந்துதான் கிளம்பும்.

வெங்காயத்தின் அடிப்பகுதி மட்டும் தண்ணீரைத் தொடட்டும். பாதி வெங்காயம் முங்கினால் அழுகிவிடும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், வேருக்கு ஆக்சிஜன் வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் ஓர் இரவு திறந்து வைத்திருந்து அப்புறம் பயன்படுத்துங்கள்.

மூன்று நாளாகியும் ஒரு வேர்கூட வரவில்லையா? வெங்காயத்தை மாற்றுங்கள். கடை வெங்காயத்தில் சில, முளைவிடாமல் இருப்பதற்காகக் காமாக் கதிர்வீச்சு பட்டவையாக இருக்கலாம். மகாராஷ்டிரத்தின் லாசல்காவில் இதற்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. கதிர்வீச்சு முடக்குவது செல் பிரிதலைத்தான் என்பதால், அப்படிப்பட்ட வெங்காயம் இந்த வேலைக்கு உதவாது. எப்போதும் நான்கைந்து வெங்காயத்தை ஒன்றாக வையுங்கள்.

வேர் 2 சென்டிமீட்டர் அளவுக்கு வந்ததும் வெட்டலாம். அதைவிட நீளமாகி, நுனி மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறிய வேர்களில் செல் பிரிதல் குறைந்திருக்கும். வெள்ளையாக, நுனி உருண்டு திடமாக இருப்பதையே எடுங்கள்.

3. வெட்டி, உடனே நிலைப்படுத்துவது

புது வெங்காயத்தோடு வேலை செய்யும்போது காலை எட்டிலிருந்து பதினொரு மணிக்குள் வெட்டுவது வழக்கம். ஒரே நேரத்து வேரை மட்டும் நம்பாமல், அரை மணிக்கு ஒருமுறை சில வேர்களை வெட்டித் தனித்தனிக் குப்பியில் போட்டு நேரத்தை எழுதி ஒட்டுங்கள். ஏதாவது ஒரு குப்பி நன்றாக அமையும்.

நுனியிலிருந்து 1 சென்டிமீட்டர் நறுக்கி, அந்த நொடியே நிலைப்படுத்தும் கரைசலில் போடுங்கள். கரைசலுக்கு எத்தனால் மூன்று பங்கு, கிளேசியல் அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு. அன்றன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள். பழைய கலவையில் ஆல்கஹாலும் அமிலமும் வினைபுரிந்து எஸ்டராகிவிடும், வீரியம் போய்விடும்.

இந்தப் படியின் காரணத்தைப் புரிந்துகொண்டால் அவசரம் ஏன் என்பது விளங்கும். கரைசல் உள்ளே போனதும் செல் இறந்து, எந்த நிலையில் இருந்ததோ அப்படியே நின்றுவிடும். வெட்டிய வேரை மேசையில் வைத்துவிட்டுக் கரைசல் தேடப் போனால், தொடங்கியிருந்த பிரிதல்கள் முடிந்துபோகும். புதிதாக எதுவும் தொடங்காது. ஸ்லைடில் வெறும் இடைநிலைச் செல்களே, அதாவது பிரிதலில் இல்லாத செல்களே, மிஞ்சும்.

24 மணி நேரம் ஊறட்டும். அன்றே பார்க்க முடியாவிட்டால் 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், வாரக்கணக்கில் கெடாது.

4. அமிலத்தில் பதப்படுத்துவது

தாவர செல்கள் ஒன்றோடொன்று பெக்டின் என்ற பசைப்பொருளால் ஒட்டியிருக்கும். அந்தப் பிடிப்பைத் தளர்த்தாமல் நசுக்கினால், செல்கள் பிரிந்து பரவாமல் கட்டியாகவே நிற்கும். அதற்குத்தான் ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

வேர்நுனியைத் தண்ணீரில் அலசிவிட்டு, 60 டிகிரி சூட்டில் 1 நார்மல் அமிலத்தில் 5 நிமிடம் வையுங்கள். வெந்நீர்த் தொட்டி இல்லையென்றால் ஸ்லைடிலேயே ஒரு சொட்டு அமிலமும் இரண்டு மூன்று சொட்டுச் சாயமும் விட்டு லேசாகச் சூடாக்கலாம். பள்ளி ஆய்வகத்துக்கு அது போதும்.

அளவு சரியா என்று ஊசி சொல்லிவிடும். தொட்டதும் நுனி மெத்தென்று அமுங்க வேண்டும். திமிறினால் இன்னும் ஓரிரு நிமிடம் விடுங்கள். தொட்டதும் கரைந்து ஓடினால் நேரம் கூடிவிட்டது, வேறு நுனியை எடுங்கள்.

5. சாயம் ஏற்றுவது

நுனி முழுகும் அளவுக்கு அசிட்டோகார்மைன் விட்டு, ஸ்லைடை விளக்கின் மேல் காட்டிக் காட்டி எடுங்கள். புறங்கையில் வைத்தால் சூடு பொறுக்க முடிய வேண்டும். கொதிக்கவிட்டால் சாயம் படிகமாகிவிடும், செல்லும் சுருங்கிவிடும். 5 முதல் 10 நிமிடம் இப்படிச் செய்யுங்கள், வற்ற வற்றச் சொட்டு விட்டுக்கொண்டே.

நிறம் வெளிறியே இருந்தால் துருப்பிடித்த ஊசியால் சாயத்தை ஓரிரு முறை கிளறுங்கள். இரும்பு அயனிகள் சாயத்தைக் குரோமோசோமோடு இறுகப் பிணைக்கும். அதிகம் கிளறினால் எல்லாமே கறுத்துப்போகும்.

இப்போது வெறும் கண்ணாலேயே ஒன்றைக் கவனிக்கலாம். வேரின் கடைசி 1 முதல் 2 மில்லிமீட்டர் மட்டும் அடர் சிவப்பாக, மீதி வெளிறி இருக்கும். அதுதான் செல்கள் பிரியும் பகுதியான ஆக்குத்திசு. அங்கே செல்கள் சிறியவை, ஒவ்வொன்றின் உட்கருவும் பெரியது. அதனால் சாயம் அங்கே அடர்த்தியாகத் தெரிகிறது. அந்தச் சிவந்த பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டி எறியுங்கள்.

புதியவர்கள் அதிகம் தவறுகிற இடம் இது. நீளத் துண்டாக விட்டுவிடுகிறார்கள். நீட்சி அடைந்த செல்கள் பிரிவதில்லை. அவை கவர் ஸ்லிப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிரியும் செல்களைச் சரியாக நசுங்கவும் விடாது.

6. நசுக்குவது

புதுச் சொட்டுச் சாயம் ஒன்று விட்டு, காற்றுக் குமிழ் சேராதபடி கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்குங்கள். ஊசியின் கட்டையால் அல்லது பென்சிலின் பின்பக்கத்தால் நுனி இருக்கும் இடத்தில் மெதுவாகத் தட்டுங்கள். சிவப்புப் புள்ளி மெல்லிய மேகமாகப் பரவும்.

அதன்பின் வடிதாளை மடித்து மேலே வைத்து, கட்டைவிரலால் நேர் கீழாக அழுத்துங்கள். பக்கவாட்டில் ஒரு முடியளவு நகர்ந்தாலும் செல்கள் உருண்டு, குரோமோசோம்கள் முறுக்கிக்கொள்ளும். கவர் ஸ்லிப்பின் இரண்டு ஓரத்தையும் மற்றொரு கையால் பிடித்துக்கொண்டால் நகராது.

செல்கள் ஒரே அடுக்காக விரிய வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் இரண்டு செல்லின் குரோமோசோம்கள் ஒன்றாகத் தெரிந்து கணக்கு கெட்டுவிடும். சில நாள் வைத்துப் பார்க்க வேண்டுமானால் ஓரங்களில் நகப்பூச்சு தடவி அடைத்துவிடலாம்.

7. மைக்ரோஸ்கோப்பில் எங்கே தேடுவது

10 மடங்கில் தொடங்குங்கள். நேராக 40-க்குப் போகிறவர்கள் வேர்மூடிச் செல்களையோ நீண்ட செல்களையோ அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சதுரமாக, சிறியதாக, உட்கரு செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகே 40.

துவாரத் தகட்டை மிகவும் மூடி வைக்காதீர்கள். எல்லாவற்றின் ஓரத்திலும் கறுப்புக் கோடு விழும், இல்லாத குரோமோசோமை இருப்பதுபோல அந்தக் கோடு காட்டும். நுண்சீர் திருகை விரல் எப்போதும் லேசாக அசைத்துக்கொண்டே இருக்கட்டும். நசுக்கிய பிறகும் செல்லுக்குக் கனம் உண்டு, ஒரே குவியத்தில் 16-ம் தெரியாது.

8. நிலைகளைப் படிப்பதற்கு முன் கணக்கு

எண்ணும்போது ஒரே விதி: ஒரு சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இடுங்கிய பகுதி) என்றால் ஒரு குரோமோசோம். மற்றக் குழப்பமெல்லாம் இதில் தீர்ந்துவிடும்.

பிரிதல் தொடங்குவதற்கு முன்பே, இடைநிலையின் நடுவில் டிஎன்ஏ இரட்டித்து முடிந்திருக்கும். அதனால் பிரிதலின் முதல் நிலையான புரோஃபேஸில் நுழையும் செல்லில் 16 குரோமோசோம். ஒவ்வொன்றிலும் இரண்டு சகோதரி குரோமாட்டிட், அதாவது ஒரே மாதிரியான இரண்டு நகல். ஆக 32 குரோமாட்டிட். சகோதரிகள் விலகும் நிலையான அனாஃபேஸில் சென்ட்ரோமியர்கள் பிரிந்ததும் ஒவ்வொரு குரோமாட்டிடும் தனிக் குரோமோசோம். அந்தக் கொஞ்ச நேரம் செல்லில் 32 குரோமோசோம் இருக்கும். பிறகு பக்கத்துக்கு 16.

ஆகவே ஒவ்வொரு செல்லிலும் முதலில் கேட்க வேண்டியது அது எந்த நிலை என்பதை அல்ல. சகோதரிகள் சேர்ந்திருக்கின்றனவா, பிரிந்துவிட்டனவா? இதற்குப் பதில் தெரிந்தால் நிலையின் பெயர் தானாக வந்துவிடும்.

9. ஒவ்வொரு நிலையிலும் எதைப் பார்ப்பது

இடைநிலை. உட்கரு உருண்டையாக, பொடிப்பொடியாகச் சாயம் பிடித்திருக்கும். நடுவில் வெளிறிய வட்டம் ஒன்றிரண்டு தெரிந்தால் அது நியூக்ளியோலஸ், உட்கருவுக்குள் இருக்கும் சிறு உருண்டை. டிஎன்ஏ இரட்டித்துவிட்டதா இல்லையா என்று இந்த ஸ்லைடில் சொல்ல முடியாது, முயலவும் வேண்டாம்.

புரோஃபேஸ். பொடி மறைந்து நூலாகும். வெங்காயத்தின் ஜீனோம் (முழு டிஎன்ஏ தொகுப்பு) மனிதனுடையதைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு பெரியது. ஒரு செல்லின் டிஎன்ஏ-வை நீட்டினால் பத்து மீட்டரைத் தாண்டும். அவ்வளவும் சிக்காமல் இரண்டு பக்கம் போக வேண்டுமென்றால் முதலில் சுருண்டு குட்டையாக வேண்டும், அதுதான் இங்கே நடக்கிறது. சகோதரிகளைக் கோஹெசின் என்ற புரதம் சேர்த்துப் பிடித்திருக்கும். நியூக்ளியோலஸ் மங்கத் தொடங்கும்.

இடைநிலையின் கடைசிக்கும் புரோஃபேஸின் தொடக்கத்துக்கும் நடுவில் கோடு கிழிப்பது கடினம். ஒரு நூலையாவது கண்ணால் தொடர்ந்து போக முடிந்தால் புரோஃபேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடு முழுவதும் அதே அளவுகோலைக் கடைப்பிடியுங்கள்.

புரோமெட்டாஃபேஸ். உட்கரு உறை கலைந்து, குரோமோசோம்கள் செல்லில் தாறுமாறாகக் கிடக்கும். சென்ட்ரோமியரின் இரு புறமும் உள்ள கைனிட்டோகோர்களை (புரதப் பிடிகள்) நுண்குழல்கள் (மெல்லிய புரத இழைகள்) தேடிப் பிடிக்கும் நேரம் இது. ஒரு சகோதரி செல்லின் ஒரு முனையோடும் (துருவம்), மற்றது எதிர்த் துருவத்தோடும் இணைய வேண்டும். சமமான பங்கீடு இங்கேதான் உறுதியாகிறது. பாடத்தில் இந்த நிலையை ஒரே வரியில் தாண்டிவிடுவது எனக்கு எப்போதுமே வருத்தம்.

இரண்டும் ஒரே துருவத்தோடு இணைந்துவிட்டால்? அப்போது இழுப்பு ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், எதிரிழுப்பு இருக்காது. விறைப்பில்லாத இணைப்பைச் செல்லே அவிழ்த்துவிட்டு மறுபடி முயலும். இரு பக்கமும் சமமாக இழுபடும் இணைப்பு மட்டுமே நிலைக்கும்.

மெட்டாஃபேஸ். 16 சென்ட்ரோமியர்களும் நடுத்தளத்தில் நிற்கும். சென்ட்ரோமியரின் இரு பக்கமும் நீளும் கரங்கள் அப்படி நிற்க வேண்டியதில்லை, மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும். கரங்கள் ஒழுங்காக இல்லை என்பதற்காக இதை மெட்டாஃபேஸ் இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இன்னொரு சிக்கல், பார்க்கும் கோணம். பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் ஒரு பட்டை. துருவத்திலிருந்து பார்த்தால் அதே செல்லில் குரோமோசோம்கள் பூவிதழ் போல வட்டமாக விரிந்திருக்கும். இந்த வட்டத்தைப் புரோஃபேஸ் என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. நூல்போல மெல்லியதா, கட்டையாகத் தடித்ததா என்று பாருங்கள். தடித்து, ஓரங்கள் தெளிவாக இருந்தால் மெட்டாஃபேஸ்தான். எண்ணுவதற்கும் இந்தக் கோணமே வசதி.

நுண்குழல்கள் சேர்ந்து அமையும் கதிர்கோலின் இழைகள் இந்த ஸ்லைடில் தெரியாது. கார்மைன் அவற்றைப் பற்றாது. தெரியாததை வரையாதீர்கள். விலங்கு செல்லில் துருவங்களில் இருக்கும் சென்ட்ரியோலையும் வரையாதீர்கள். வெங்காயச் செல்லில் சென்ட்ரியோல் கிடையாது. அது இல்லாமலேயே கதிர்கோல் உருவாகிறது. விலங்கு செல்லின் படத்தைப் பார்த்துப் பழகிய கை தன்னையறியாமல் இரண்டு புள்ளி வைத்துவிடும்.

அனாஃபேஸ். கடைசிக் கைனிட்டோகோர் இணையும்வரை செல் காத்திருக்கும். ஒன்றே ஒன்று இணையாமல் இருந்தாலும் சகோதரிகள் பிரிவதற்கான தடை விலகாது. எல்லாம் இணைந்ததும் செப்பரேஸ் என்ற நொதி விடுபட்டு, மிச்சமிருக்கும் கோஹெசினை வெட்டும். சகோதரிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிரியும்.

இழுபடுவது சென்ட்ரோமியர், கரங்கள் பின்னால் வரும். சென்ட்ரோமியர் நடுவில் இருந்தால் குரோமோசோம் V வடிவத்திலும், ஓரம் தள்ளியிருந்தால் J வடிவத்திலும் தெரியும். கூர்முனை துருவத்தைப் பார்த்திருக்க வேண்டும். வரைபடங்களில் இது தலைகீழாக இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். கரங்கள் முன்னால் போவதுபோல வரைந்தால் யார் இழுக்கிறார்கள் என்பதே மாறிவிடுகிறது.

நுண்குழல் கயிறு மாதிரி இழுத்துச் சுருட்டப்படுவதில்லை. கைனிட்டோகோர் பிடித்திருக்கும் முனையில் அது டியூபுலின் என்ற புரத அலகுகளாகக் கழன்றுகொண்டே வரும். கைனிட்டோகோர் பிடியை விடாமல் தேயும் முனையோடு நகரும். கூடவே இரு துருவங்களும் விலகும்.

டீலோஃபேஸ். இரண்டு முனையிலும் குரோமோசோம்கள் கும்பலாகச் சேர்ந்து, உறை உருவாகி, மறுபடி பொடியாக அவிழும். நடுவே ஒரு மெல்லிய கோடு தெரிந்தால் அது செல் தட்டு. கோல்கை உறுப்பிலிருந்து வரும் நுண்பைகள் நடுவில் இணைந்து, வெளிப்பக்கமாக வளர்ந்து பழைய சுவரைத் தொடும். விலங்கு செல்லில் இதற்கு நேரெதிராக, வெளியிலிருந்து உள்நோக்கி இடுங்கும்.

பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரண்டு சிறிய இடைநிலைச் செல்களை டீலோஃபேஸ் என்று எண்ணிவிடுவது உண்டு. நடுவே சுவர் முழுமையாக இருந்து, நியூக்ளியோலசும் தெரிந்தால் அது முடிந்துபோன கதை. இரண்டு இடைநிலைச் செல்லாகவே எண்ணுங்கள்.

10. 16-ஐத் தெளிவாக எண்ண வேண்டுமானால்

சாதாரண ஸ்லைடில் கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். எண்ணுவதுதான் நோக்கம் என்றால், நிலைப்படுத்துவதற்கு முன் வேர்களைப் பனிக்கட்டி நீரில் ஓர் இரவு வையுங்கள். குளிரில் நுண்குழல்கள் கலைந்து, செல்கள் மெட்டாஃபேஸில் தேங்கும். குரோமோசோம்களும் குட்டையாகி விலகி நிற்கும்.

ஆராய்ச்சிக்கூடங்களில் கோல்சிசின் பயன்படுத்துவார்கள். அது டியூபுலினோடு ஒட்டிக்கொண்டு கதிர்கோல் உருவாவதைத் தடுக்கும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது இதே பொருள். கண்வலிக்கிழங்கு என்று விவசாயிகள் விதைக்காகவே பயிரிடும் செடி அது. கடும் விஷம். பள்ளி ஆய்வகத்தில் வேண்டாம். கிழங்கை அரைத்துச் சாறு எடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

இரண்டில் எதைச் செய்தாலும் அந்த ஸ்லைடில் அனாஃபேஸைத் தேடாதீர்கள். பிரிப்பதற்கு இழையே இல்லை. பிரிதலைப் பார்க்க ஒரு குப்பி, எண்ணுவதற்கு வேறு குப்பி என்று முதலிலேயே பிரித்து வைப்பதே வழி.

11. விகிதம் பார்ப்பது

பிரியும் செல்களின் எண்ணிக்கையை மொத்தச் செல்களால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் மைட்டாடிக் குறியீடு. அழகான செல்லாகத் தேடித் தேடி எண்ணினால் விடை உயர்ந்துபோகும். பார்வைப் புலத்தில் உள்ள எல்லாவற்றையும் எண்ணிவிட்டு அடுத்த புலத்துக்கு நகருங்கள். 500 செல்லுக்குக் குறைவாக எண்ணி முடிவு சொல்லாதீர்கள்.

ஸ்லைடில் புரோஃபேஸ் நிறையவும் அனாஃபேஸ் அரிதாகவும் இருப்பது உங்கள் குறையல்ல. வேர்நுனிச் செல்கள் ஒரே நேரத்தில் பிரியத் தொடங்குவதில்லை. அதனால் எந்த நிலை நீண்ட நேரம் எடுக்கிறதோ அதில்தான் அதிகச் செல்கள் அகப்படும். 100 பிரியும் செல்லில் அனாஃபேஸ் எத்தனை என்று பார்த்தால், பிரிதல் நேரத்தில் அதற்கு எவ்வளவு பங்கு என்பதும் தெரிந்துவிடும்.

12. சமமாகப் பிரியாத செல்லைக் கண்டால்

அனாஃபேஸில் இரண்டு கும்பலுக்கும் நடுவே ஒரு குரோமோசோம் பின்தங்கி நிற்கலாம். அல்லது ஒரு குரோமோசோம் இரண்டு பக்கமும் இழுபட்டுப் பாலமாக நீளலாம். உடைந்த முனைகள் ஒட்டி, ஒரே குரோமோசோமுக்கு இரண்டு சென்ட்ரோமியர் ஆகிவிட்டால் அப்படி ஆகும். பின்தங்கியது எந்தப் பக்கமும் சேராமல் போனால், அடுத்த இடைநிலையில் பெரிய உட்கருவின் பக்கத்தில் குட்டி உட்கருவாகத் தெரியும். கழிவுநீரின் நச்சுத்தன்மையை வெங்காய வேரை வைத்துச் சோதிக்கிறவர்கள் எண்ணுவது இவற்றைத்தான்.

சாதாரணத் தண்ணீரில் வளர்ந்த வேரில் இப்படி ஒன்றிரண்டு கண்ணில் படலாம். வரைந்து வையுங்கள். நிறையப் பட்டால் தண்ணீரின் மேல் பழி போடுவதற்கு முன்னால், வேறு கடையில் வாங்கிய வெங்காயத்தை அதே தண்ணீரில் வளர்த்து இன்னொரு ஸ்லைடு போட்டுப் பாருங்கள்.